கம்பளியும் காக்கியும்: மலையகத்தின் உழைப்புடை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டங்களில், விடியற்காலையில் தொழிலாளர் ஒன்றுகூடி அன்றைய வேலைக்குப் பிரித்தனுப்பப்படும் இடம் பெரட்டுக்களம் எனப்படும். படையணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்து வழக்கிற் 'பெரட்டு' ஆயிற்று. தப்போசை கேட்டு எழுதல், நிரையில் நிற்றல், பெயர் கூப்பிடப்படுதல், பிந்தியவர் திருப்பியனுப்பப்படுதல் ஆகியவை அச்சொல்லோடு சேர்ந்து வந்த நடைமுறைகளாகும். இத்தொடர்பு தற்செயலானதென்று கொள்வதற்கில்லை. கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் அமைத்துப் பெருந்தோட்டத் தொழிலுக்கு ஊக்கமளித்த ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூப் போரிற் பங்குகொண்ட படைத்தலைவர். மலைநாட்டுக்கு வீதிகள் வெட்டிய 'பயனியர்' அணிகளிற் சேர்க்கப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் படைக்குரிய கட்டுப்பாட்டின் கீழேயே வேலை செய்தனர். தோட்டம் என்ற நிறுவனம் தன் ஒழுங்குமுறையைப் படைமுகாமிலிருந்து பெற்றுக்கொண்டது என்று கூறுவதில் மிகையில்லை.

ஆயின், படைமுகாமிலிருந்து ஒழுங்கைப் பெற்றுக்கொண்ட தோட்டம் அங்கிருந்து உடையைப் பெற்றுக்கொள்ளவில்லை. படைவீரனுக்கு மழையும் குளிரும் முள்ளும் தாங்கும் துணி எது என்பதை அரசு ஆராய்ந்தது, தெரிந்தது, வாங்கிக் கொடுத்தது. அதே பேரரசின் கீழ், அதனிலும் கடுமையான மழையில், ஆண்டு முழுவதும் வெளியில் நின்று உழைத்தவர்களுக்குத் துணி தெரியும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. இவ்வேறுபாட்டின் பொருளாதார அடித்தளத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உடையைப் பண்பாட்டுச் சின்னமாகக் காண்பது நம்மிடையே வழக்கம். ஈண்டு அதனை உழைப்புக் கருவியாகவே நோக்குவோம். மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் எவ்வாறு கருவிகளோ, அவ்வாறே மழையில் உழைப்பவரின் உடையும் ஒரு கருவியாகும்.

1

முதலில் அக்கருவிக்குரிய தேவை யாது என்பதை அறிதல் வேண்டும். ஹற்றனிலிருந்து பொகவந்தலாவை செல்லும் பாதையில், கெஹெல்கமு ஓயாப் பள்ளத்தாக்கில், காசல்றீ நீர்த்தேக்கத்துக்கு அண்மையில் அமைந்துள்ளது நோர்வூட். மத்திய மலைகளின் மேற்குச் சரிவைச் சேர்ந்த இப்பகுதியைத் தென்மேற்குப் பருவக்காற்று நேரடியாகத் தாக்குகின்றது. இதே மேற்குச் சரிவிலுள்ள வட்டவளை, இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அதன் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றர் அளவினது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மழையும் மூட்டமும் குளிர்காற்றும் மாறிமாறி நிலவும். நீர்த்தேக்கங்களை நிரப்பி மின்சாரமாகும் அதே மழையில்தான் கொழுந்தும் பறிக்கப்படுகின்றது.

கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். தேயிலைச் செடி இடுப்பளவினது, நிரைகள் நெருக்கமானவை. மழை மேலிருந்து தலையையும் தோளையும் நனைக்க, ஈரச் செடிகள் பக்கவாட்டில் இடுப்பையும் தொடையையும் நனைக்கின்றன. மழை விட்ட பின்னரும் செடியின் ஈரம் விடுவதில்லை. கவ்வாத்து வெட்டிய கிளைகளின் கூர்முனைகள் துணியைக் கிழிக்கும். கூடையின் கயிறு தலையில் அழுத்துவதால் தலைமூடி தடித்ததாயும் வழுக்காததாயும் இருத்தல் வேண்டும். விரல்களும் முன்கைகளும் தடையின்றி இயங்க வேண்டியிருப்பதாற் கையை மூடும் உடை பயன்படாது. இவற்றோடு அட்டைக்கடியும் உண்டு.

இன்னுமொரு தேவை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. நனைந்த துணி மறுநாட் காலைப் பெரட்டுக்கு முன் காய்ந்தாக வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அமைந்த லயக் காம்பிராவில், ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து உண்டு உறங்கும் இடத்தில், அடுப்பின் மேலேதான் அது காய வேண்டும். ஆகவே துணியின் தரம் நெசவை மட்டும் பொறுத்ததன்று, வீட்டையும் பொறுத்தது.

2

படைத்துறை இத்தகைய கேள்விகளுக்கு விடைகண்ட வரலாறு காக்கியின் வரலாறாகும். உருதுவில் 'காக்' என்பது புழுதி. 1846இல் பெஷாவரில் ஹரி லம்ஸ்டன் அமைத்த 'கைட்ஸ்' அணி புழுதி நிற உடையை ஏற்றது. 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியின் போது பிரித்தானியப் படையணிகள் சில, தம் வெள்ளைப் பருத்தி உடைகளைச் சேறு, மை, கோப்பி, தேயிலைச் சாறு முதலியவற்றில் தோய்த்து நிறம் மாற்றிக்கொண்டன. மங்களூரில் பாசல் மிஷன் நெசவாலையிலும் 1850களிற் காக்கிச் சாயம் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படுவதுண்டு. வெயிலிலும் சலவையிலும் வெளிறாத கனிமச் சாயத்துக்கு 1884இல் லங்காஷயரிற் காப்புரிமை பெறப்பட்டது. 1897இல் கடல்கடந்த சேவைக்கெல்லாம் காக்கியே பிரித்தானியப் படையின் உடையாயிற்று.

நிறத்தினும் நெசவே முக்கியமானது. காக்கி உடைக்குத் தெரியப்பட்டது 'ட்ரில்' எனப்படும் சாய்வரி நெசவுத் துணியாகும். சாதாரண நெசவில் ஊடை இழை ஒரு பாவு இழைக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக மாறிமாறிச் செல்லும். சாய்வரி நெசவிலோ ஊடை ஒரே முறையில் இரண்டு மூன்று பாவு இழைகளைக் கடக்கின்றது. குறுக்கீடு குறைவதால் இழைகளை மிக நெருக்கமாக அடுக்கலாம். துணி கனமும் உறுதியும் பெறுகின்றது. கிழிவு தொடங்குமிடத்தில் இழைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்வதால் அது எளிதிற் பரவுவதில்லை.

எனினும் பருத்தி பருத்தியே. நனைந்த பருத்தி வலிமையிழப்பதில்லை; வெப்பத்தை இழந்துவிடுகின்றது. இழைகளுக்கிடையேயுள்ள காற்றின் இடத்தை நீர் நிரப்பியதும் அது உடலோடு ஒட்டிக் குளிரை உள்ளே கடத்துகின்றது. காக்கி ட்ரில் வறண்ட சமவெளிக்குரிய துணி, குளிர்ந்த மழைமலைக்குரியதன்று. இதனைப் படைத்துறை அறிந்திருந்தது. குளிர் நாடுகளில் அது கம்பளி நூலாலான 'சேர்ஜ்' துணியை வழங்கிற்று. நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்த்தடை ஏற்றும் 'கபர்டீன்' துணிக்கு 1888இல் தோமஸ் பேர்பரி காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போரில் அதிகாரிகளின் அகழிக் கோட்டுக்கு அது பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் வீழும் விமானிகளின் உயிரைக் காப்பதற்காக மன்செஸ்ரர் ஷேர்லி ஆய்வு நிலையத்தில் 'வென்ரைல்' உருவாயிற்று. நீண்ட பருத்தி இழையை மிக நெருக்கமாக நெய்த அத்துணியில், ஈரம் பட்டதும் இழைகள் வீங்கித் துளைகளை அடைத்துவிடும்.

மலையகத்திற் காக்கி, துரையின் உடையாக வந்தது. 1900இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிற் சேர்ந்தவர்கள் ஐரோப்பியர்களே. அப்படையினர் 1914இல் எகிப்துக்கும், அங்கிருந்து கலிப்பொலிப் போர்முனைக்கும் சென்றனர். 1949இல் அப்படை கலைக்கப்பட்டது. காலையிற் பெரட்டுக்களத்தில் நிற்பவரும் மாலையிற் படைப்பயிற்சிக்குச் செல்பவரும் ஒருவரேயானதாற் காக்கிக்கு மலையகத்தில் இருவேறு பொருள்கள் இருக்கவில்லை. துரையின் காக்கி நனைந்தால் மாற்றுடை இருந்தது. பங்களாவிற் கணப்பு இருந்தது. உலர்த்திக் கொடுக்க அப்பு இருந்தார். பொலிஸாரின் உடையும் காக்கியே. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தனும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திற் சிவனு லட்சுமணனும் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியாயினர். மலையகத் தொழிலாளியின் நினைவில் இத்துணி எப்பக்கத்தில் நிற்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அட்டைக்கடி பற்றிய ஒரு பதிவும் இங்கு மனங்கொளத்தக்கது. கோப்பித் தோட்டத்துரைமார் நெருக்கமாக நெய்த துணியாலான காலுறைகளை அணிந்து அட்டையைத் தடுத்துக்கொண்டனர் என்றும், உள்ளூர் மக்கள் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சஞ்சாறு ஆகியவற்றை உடலிற் பூசிக்கொண்டனர் என்றும் எமர்சன் டெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் எழுதியுள்ளார். ஒரே அட்டை, ஒரே மலை. ஒருவருக்கு நெசவு காவல். மற்றவருக்குத் தம் தோலே காவல்.

3

தொழிலாளிக்குக் கிடைத்த முதன்மையான வெளியுடை கறுப்புக் கம்பளியாகும். கம்பலம் என்னும் சொல் மிகப் பழையது. புத்தர் காலத்துப் பொருள்முதல்வாதியான அஜித கேசகம்பலி, தாம் அணிந்த மயிர்ப் போர்வையாலேயே பெயர் பெற்றவர். தக்கணத்திலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் குறும்பர் முதலிய ஆயர் சமூகத்தினர் தம் ஆட்டு மயிரைத் தாமே நூற்று நெய்த முரட்டுப் போர்வையே கம்பளி. மழைக்காலத்தில் ஆயரும் உழவரும் அதனை ஒரு முனையில் மடித்துத் தலைமீது கவிழ்த்துக்கொள்வர். இவ்வாறு கவிழ்ப்பதற்குக் கொங்காணி என்று பெயர். அதே சொல், அதே மடிப்பு முறையுடன் கடல் கடந்து மலையகத்தை அடைந்தது.

துணியின் இயல்பை நோக்கின், இத்தெரிவு அறிவுடையதே. ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை ஈர்த்தும் ஈரவுணர்வைத் தருவதில்லை. ஈரத்தை ஈர்க்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. முழுதும் கழுவப்படாத மயிரில் எஞ்சும் கொழுப்பு மழைத்துளியை உருட்டிவிடுகின்றது. அடித்தும் மிதித்தும் பயன்படுத்த அதன் நெசவு இறுகுகின்றது. ஆயினும் கம்பளி நனைந்தால் மிகக் கனக்கும், மெதுவாகவே காயும். அடுப்பு ஒன்றே கதியான காம்பிராவில் அக்குறை பெருங்குறையாகும்.

ஆனால் கம்பளியின் வரலாற்றில் நெசவினும் முக்கியமானது கணக்கேடு. படைவீரனின் கோட்டு அரசின் போர்ச் செலவிற் சேர்ந்தது. தொழிலாளியின் கம்பளியோ அரிசியைப் போலவே முற்பணமாகக் கொடுக்கப்பட்டு, அவரது சம்பளத்திற் பற்றாக எழுதப்பட்டது. கப்பற் செலவு, வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று திரண்ட கடனே, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளியைக் கைமாற்றும் 'துண்டு' முறைக்கு அடிப்படையாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை, தோளைக் குளிரிலிருந்து காத்த துணியே காலைக் கட்டிய விலங்கின் ஒரு கண்ணியாகவும் இருந்தது.

உழைப்புச் சக்தியை மறுஉற்பத்தி செய்வதற்கான செலவைப் பற்றி மார்க்ஸ் கூறியவற்றை இங்கு நினைவுகூரலாம். மூலதனம் நூலின் தொடக்கத்தில், பெறுமதியின் வடிவத்தை விளக்குவதற்கு அவர் தெரிந்தெடுத்த உதாரணம் 20 யார் லினன் துணியும் ஒரு கோட்டும் என்பது யாவரும் அறிந்ததே. தம் கோட்டு அடகுக்குப் போனதால் வெளியே செல்ல முடியாதிருந்த நாள்களையும் அவர் இலண்டனிற் கண்டவர். குளிர் நாட்டிற் கோட்டில்லாதவன் வேலைக்குச் செல்ல இயலாது. மழைமலையிற் கம்பளி இல்லாதவளும் கொழுந்துக்குச் செல்ல இயலாள். உற்பத்திக்கு இன்றியமையாத இவ்வுடைச் செலவை மூலதனத்தின் பக்கத்திலிருந்து கூலியின் பக்கத்துக்குத் தள்ளிவிட்டதே தோட்டக் கணக்கின் சாமர்த்தியம்.

4

கம்பளி மேலுடம்புக்குரியது. இடுப்புக்குக் கீழ் வேண்டியதைத் தொழிலாளர் தாமே கண்டனர். அரிசி வந்த சணற் சாக்கைப் பிரித்து இடுப்பிற் சுற்றிக்கட்டிய அதுவே படங்கு. ஈரச் செடிக்கும் வெட்டுக்கிளையின் முனைக்கும் சேலைக்குமிடையே அது நின்றது. சணல் நூல் தடித்தது, உராய்வைத் தாங்குவது, நனைந்தால் வீங்கிச் சற்றே இறுகுவது, உடலோடு ஒட்டாமல் விறைத்து நிற்பது. நீரை அது முற்றாகத் தடுப்பதில்லை. ஈரத்திற் கிடந்தால் இற்றும் போகும். ஆயினும் கைக்கெட்டியவற்றுள் அதனினும் பொருத்தமானது வேறில்லை.

சாக்குக்கும் ஒரு போர் வரலாறு உண்டு. ஸ்கொட்லாந்தின் டண்டி நகர ஆலைகள் ருஷ்யாவிலிருந்து வந்த சணலினத் தாவர இழைகளை நம்பியிருந்தன. 1853 முதல் 1856 வரை நடந்த கிரைமியப் போர் அவ்வரவைத் தடுத்தபோது வங்காளச் சணலின் முக்கியத்துவம் பெருகிற்று. 1855இல் கல்கத்தாவுக்கருகே ரிஷ்ராவில் இந்தியாவின் முதலாவது சணலாலை நிறுவப்பட்டது. முதலாம் உலகப் போரில் அகழிகளைக் காத்த மணல் மூட்டைகளுக்காகச் சணலாலைகள் பேரிலாபம் ஈட்டின. துரைமார் படையினர் கலிப்பொலியில் மணல் மூட்டைகளின் பின்னே நின்ற அதே காலத்தில், அவர்கள் விட்டுச்சென்ற மலைகளிற் பெண்கள் அதே வகைத் துணியை இடுப்பிற் சுற்றி நின்றனர். முன்னையது படைத்துறையின் கொள்வனவு. பின்னையது அரிசி தீர்ந்த பின் எஞ்சியது.

மேலே கம்பளி, உள்ளே பருத்தி, கீழே சணல் என்ற இவ்வமைப்பு ஒரு முழுமையான அடுக்குமுறை என்பதைக் கவனித்தல் வேண்டும். வெப்பத்துக்கொன்று, உடலின் மென்மைக்கொன்று, உராய்வுக்கொன்று என மூன்று துணிகளின் வேறுபட்ட இயல்புகள் இங்கு பிரித்து உணரப்பட்டுள்ளன. ஆய்வுகூடங்கள் கண்ட அடுக்கு உடைத் தத்துவத்தைப் பெயரறியாத பெண்கள் தம் உடலனுபவத்தால் அறிந்திருந்தனர். எனினும் இதனைப் பாராட்டி நிறுத்திக்கொள்வது ஆபத்தானது. வறியவரின் புத்திக்கூர்மையைப் புகழ்ந்து, அவர்களைக் கூர்மையாயிருக்க நிர்ப்பந்தித்த உறவுகளை மறைப்பது நாட்டார் வழக்காற்றியலாளர் சிலரிடம் காணப்படும் குறைபாடாகும். கிடைத்தவற்றுள் நல்லதைத் தெரிவது வேறு. தேவையானதைத் தெரிவது வேறு. படங்கு முதலாவது வகைத் தெரிவே.

5

இதுவரை உடுத்தியவர்களைப் பற்றிக் கூறினோம். நெய்தவர்களையும் நோக்குதல் வேண்டும். ஏனெனில் காக்கியை நெய்தவர்களுள்ளும் தமிழ்த் தொழிலாளர் இருந்தனர். சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் நிருவாகத்தில் இயங்கிய பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகள் காக்கி ட்ரில்லுக்குப் பெயர்பெற்றவை; போர்க்காலங்களிற் படைக்குத் துணி வழங்கியவை. அவ்வாலைத் தொழிலாளரிடையேதான் 1918 ஏப்ரலிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா அதன் தலைவர். தமிழ் உரைநடைக்குப் புதுநெறி வகுத்த திரு. வி. க. அச்சங்கத்தோடு இணைந்து உழைத்தவர். 1921இல் அவ்வாலைகளில் நெடிய வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. படைக்கு உறுதியான துணி நெய்தவர்களின் வாழ்வு உறுதியானதாயிருக்கவில்லை.

தஞ்சையைச் சேர்ந்த கோ. நடேசய்யர் (1887-1947) மலையகத்துக்கு வந்த கதை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது தடுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், அவர் புடவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பது மலையக வரலாற்றாசிரியர் பலரும் கூறும் செய்தி. தொழிலாளர் தலைவனுக்கு அடைக்கப்பட்ட கதவு துணி விற்பவனுக்குத் திறந்தது. தொழிலாளி கடன்பட்டு வாங்கும் நுகர்வோராகக் கணிக்கப்பட்டாரேயன்றி, கேள்வி கேட்கும் மனிதராகக் கணிக்கப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தலரிது. அந்நடேசய்யரே பின்னர், 1931இல், நோர்வூட்டுக்கு அண்மையிலுள்ள ஹற்றனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

6

சுதந்திரத்தின் பின் நிகழ்ந்த மாற்றங்கள் பல. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. உடைமையும் நிருவாகமும் மாறியும் மழையுடையின் தத்துவம் மாறவில்லை. சணற் சாக்கின் இடத்தை உரப்பையும் பொலித்தீன் விரிப்பும் பிடித்தன. பொலித்தீன் நீரை முற்றாகத் தடுக்கும், ஆனால் வியர்வையையும் உள்ளே அடைக்கும், கிளை பட்டாற் கிழியும், குளிருக்கு உதவாது. படங்கு அரிசிச் சாக்காயிருந்தது, இப்பொழுது உரச் சாக்காயிற்று. இரண்டும் வேறொன்றுக்காகச் செய்யப்பட்டு எஞ்சியவையே.

சட்டமும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் உழைப்பவரின் பாதுகாப்புப் பற்றியது. ஆகவே கொழுந்தை வாட்டி அரைக்கும் தேயிலைத் தொழிற்சாலை அதன் எல்லைக்குள் வரும். அக்கொழுந்து பறிக்கப்படும் மலை அதன் எல்லைக்கு வெளியே நிற்கும். இலை கூரைக்குள் நுழைந்ததும் சட்டம் தொடங்குகின்றது.

இவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம் முரண்பாட்டை இன்னும் கூர்மையாக்குகின்றது. 1978இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதன் பின், ஆடை உற்பத்தி இலங்கையின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாக வளர்ந்தது. மலையகத்து இளம்பெண்கள் பலர் லயத்தை விட்டு ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்றுள்ளனர். படையுடையின் சாயலில், உறுதியும் நீர்த்தடையும் கொண்ட துணிகளாற் செய்யப்படும் வெளியுடைகள் இன்று மேலைநாட்டு நகர மாந்தரின் ஓய்வுநேர உடைகளாக விற்கப்படுகின்றன. அச்சந்தைக்கு ஆடை தைக்கும் மகளுக்கு எந்தத் துணி எதற்கு உதவும் என்பது தெரியும். நோர்வூட் மலையில் உரப்பையைச் சுற்றி நிற்கும் தாய்க்கும் அது தெரியும். அறிவு இருவரிடமும் உண்டு. தெரிவு இருவரிடமும் இல்லை.

ஆய்வாளராகிய நமக்கு இதில் இரு கடமைகள் உள. காக்கிச் சீருடைகள் அருங்காட்சியகங்களிற் கண்ணாடிக்குள் பேணப்படுகின்றன. கம்பளியும் படங்கும் மண்ணில் மக்கிவிட்டன. கொங்காணி மடிக்கும் முறை, படங்கு கட்டும் முடிச்சு, அடுப்பின் மேல் துணி உலர்த்திய விதம் ஆகியவற்றை நேரில் அறிந்த மூதாட்டியர் இன்னும் நம்மிடையே வாழும்போதே அவை பதிவுசெய்யப்படல் வேண்டும். மற்றையது, அப்பதிவு வெறும் நினைவுச் சேகரிப்பாக முடிந்துவிடாதிருத்தல். மழையில் உழைப்பவரின் உடை உற்பத்திக் கருவியாயின், கவ்வாத்துக் கத்தியைப் போலவே அதன் செலவும் உற்பத்தி நடத்துவோரைச் சேர்ந்தது. படைக்குத் துணி தெரிய ஆய்வு நிலையம் எழுந்தது. கொழுந்து பறிப்பவருக்குத் துணி தெரிய ஆய்வு நிலையமும் வேண்டியதில்லை. அவர்களையே அழைத்து, எது வேண்டும் என்று கேட்டு, அதனை வாங்கிக் கொடுத்தாற் போதுமானது. 1921இற் கம்பளிக் கடன் தள்ளுபடியாயிற்று. கம்பளியை யார் கொடுப்பது என்ற கேள்வி இன்னும் தீர்க்கப்படவில்லை.